கொட்டுவதா, சுற்றுவதா, அப்படியே இறக்குவதா?

நெடுந்தூரப் பயணத்துக்கு டேங்க் நிரம்ப எரிபொருளோடு ஒரு போயிங் 777-300இஆர் மேலெழும்புகிறது. எடை 351 டன். சக்கரம் தரையை விட்ட சில நிமிடங்களில் ஒரு எஞ்சின் நின்றுபோகிறது. திரும்பியாக வேண்டும். ஆனால் இந்த ரக விமானம் தரையிறங்க அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 251 டன். கையில் இருப்பதோ அதைவிட 100 டன் கூடுதல்.

விமானி முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எரிபொருளை வானிலேயே கொட்டி எடையைக் குறைக்கலாம். வட்டமடித்துக்கொண்டே எரித்துத் தீர்க்கலாம். கூடுதல் எடையோடு அப்படியே இறங்கிவிடலாம். மூன்றும் முறையானவை, மூன்றுக்கும் நடைமுறைகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எடையை வைத்து முடிவு செய்வதாகத்தான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். விமானி அறையில் முதலில் எழும் கேள்வி வேறு: நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? எடைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தரையில் மோதினால் தீப்பிடிக்கும், அதற்காகத்தான் எரிபொருளைக் கொட்டுகிறார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கொட்டி முடித்த பிறகும் பல டன் எரிபொருள் உள்ளே இருக்கத்தான் செய்யும். கொட்டுவதன் நோக்கம் எடையைக் குறைப்பது. லேண்டிங் கியர் (சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும்) பழுதான நிலையில் மட்டும் தீயைப் பற்றிய எண்ணமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அந்த 251 டன் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். சான்றிதழ் விதிகளின்படி, தரையிறங்கும் உச்ச எடையில் வினாடிக்கு 10 அடி வேகத்தில் தரையில் விழுந்தாலும் விமானத்தின் உடலும் கால்களும் தாங்க வேண்டும். புறப்படும் உச்ச எடையில் என்றால் வினாடிக்கு 6 அடி வேகத்தைத் தாங்க வேண்டும். சாதாரணமாக ஒரு விமானம் தரையைத் தொடுவது வினாடிக்கு 2 அல்லது 3 அடி வேகத்தில். ஆக, 351 டன்னோடு இறங்கினாலும், நிதானமாகத் தொட்டால் விமானம் தாங்கும் என்பது வடிவமைப்பிலேயே உறுதி செய்யப்பட்டிருக்கிறது. குறைவது பிழைக்கான இடம் மட்டுமே. உச்ச எடையைத் தாண்டி இறங்கினால் கால்கள் முறிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா விமானத்திலும் மூன்று வழிகளும் கிடையாது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, போயிங் 757 போன்றவற்றில் எரிபொருளைக் கொட்டும் அமைப்பே இல்லை. ஏ330-இல் அது விருப்பத் தேர்வு. வாங்கும் நிறுவனம் கேட்டால் வைத்துத் தருவார்கள். 747, 777, ஏ340, ஏ380 போன்ற பெரியவற்றில் உண்டு. இதற்குப் பின்னால் இருப்பது ஓர் ஏறுதிறன் கணக்கு. புறப்பட்ட எடையிலிருந்து 15 நிமிடப் பறப்புக்கான எரிபொருளை மட்டும் கழித்துக்கொண்டு, அந்த எடையில் தரையிறங்க வந்து, முடியாமல் மறுபடி மேலேற நேர்ந்தால் விமானம் போதுமான சரிவில் ஏறுமா? இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் இல்லாமல் 2.1 சதவீதம் ஏற வேண்டும், அதாவது 100 மீட்டர் முன்னே போகும்போது 2.1 மீட்டர் உயர வேண்டும். எல்லா எஞ்சினும் ஓட, கியரும் ஃபிளாப்பும் (குறைந்த வேகத்திலும் தூக்குவிசை தர இறக்கையின் பின்விளிம்பிலிருந்து நீளும் பலகைகள்) இறங்கிய நிலையில் 3.2 சதவீதம் வேண்டும். இவற்றை எட்டிவிட்டால் கொட்டும் அமைப்பு கட்டாயமில்லை. எட்டாவிட்டால், 15 நிமிடத்துக்குள் எட்டும் அளவுக்கு எடையைக் குறைக்கக்கூடிய அமைப்பு இருந்தாக வேண்டும். இங்கே விதி கேட்பது ஏறும் திறனை மட்டும்தான். அந்த 15 நிமிடத்தில் தரையிறங்கும் உச்ச எடைக்கு வந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இந்த வேறுபாடு பல கட்டுரைகளில் குழம்பிக் கிடக்கிறது.

சரி, கொட்டும் அமைப்பு இருக்கிற விமானத்துக்கே வருவோம். 777-இல் மேல் பேனலில் ஓர் ‘ஆர்ம்’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும், தரையிறங்கும் உச்ச எடைக்கு வர எவ்வளவு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதை விமானமே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். வேறு அளவு வேண்டுமென்றால் விமானி ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். பிறகு இடது, வலது நாசில்களுக்கான (எரிபொருள் வெளியேறும் குழாய்முனைகளுக்கான) இரண்டு சுவிட்சுகள். அவற்றை இயக்கியதும் டேங்குகளுக்குள் இருக்கும் பம்புகள் எரிபொருளை ஒரு பொதுக் குழாய்க்குள் தள்ளும். இறக்கையின் பின்விளிம்பில், எஞ்சின் புகைக்கும் உடற்பகுதிக்கும் எட்டாத இடத்தில் இருக்கும் நாசில்கள் வழியே அது வெளியேறும். மிஞ்ச வேண்டிய அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தவும் முடிய வேண்டும் என்பது விதி. மறந்துபோய் முழுவதையும் கொட்டிவிடவும் முடியாது: கடல்மட்டத்திலிருந்து 10,000 அடி ஏறி, அதன் பின் 45 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருள் டேங்கில் தங்கும்படி அமைப்பே தடுத்துவிடும்.

பெரிய விமானங்களில் கொட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 2 டன். நம் 100 டன் கணக்குக்கு ஏறக்குறைய 50 நிமிடம். கொட்டத் தொடங்கும் முன்பு பழுதுக்கான செக்லிஸ்ட்டை முடிக்க வேண்டும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் சொல்லி இடம் கேட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு நாசில் திறக்காமல் போனால் எல்லாம் ஒரு பக்கத்து நாசில் வழியாகவே வெளியேற வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். அப்போது இறக்கைகளுக்கு இடையே எரிபொருள் அளவு ஏறுமாறாகிறதா என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கே கொட்டுவது என்பதற்குச் சர்வதேச நடைமுறை தெளிவாக இருக்கிறது. ஊர்களை விட்டு விலகி, கூடுமானவரை நீர்ப்பரப்பின் மேல், இடிமேகங்களுக்கு அப்பால், 6,000 அடிக்குக் குறையாத உயரத்தில் கொட்ட வேண்டும். அந்த உயரத்திலிருந்து கொட்டப்படும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் மெல்லிய துளிகளாகச் சிதறி, கீழே வருமுன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். உயரம் குறையக் குறைய அந்த வாய்ப்பும் குறையும். காற்று குளிர்ந்திருந்தால் ஆவியாவது இன்னும் மெதுவாகும். அருகில் வரும் மற்ற விமானங்கள் பக்கவாட்டில் 19 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பின்னால் என்றால் 15 நிமிடப் பறப்புத் தூரம் அல்லது 93 கிலோமீட்டருக்குள் வருபவை 1,000 அடி மேலே, அல்லது 3,000 அடி கீழே இருக்க வேண்டும். கீழே இருப்பதற்கு மூன்று மடங்கு இடைவெளி ஏன் என்று விளக்கவே வேண்டாம், துளிகள் கீழ்நோக்கித்தானே வருகின்றன. கொட்டும் நேரத்தில் விமானி வானொலியில் பேசாமல் இருக்க விரும்பினால், எந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பார், எத்தனை மணிக்கு முடியும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். வட்டமாகச் சுற்றினால் தான் கொட்டிய மேகத்துக்குள் தானே நுழைய நேரும். அதனால் நீண்ட நேர்கோடுகளாக, காற்றின் திசை பார்த்துப் பறப்பார்கள்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜனவரி 14 சாட்சி. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஷாங்காய் கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் 777 ஒன்றில் வலது எஞ்சினில் கோளாறு ஏற்பட்டது. வட்டமடிக்கவோ எரிபொருளைக் கொட்டவோ வேண்டுமா என்று கட்டுப்பாட்டு அறை கேட்டபோது வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு தரையிறங்க வரும் பாதையிலேயே, தாழ்வான உயரத்தில் கொட்டப்பட்டது. எரிபொருள் ஆவியாக அவகாசம் இல்லை. விளையாட்டு மைதானத்தில் நின்ற பள்ளிக் குழந்தைகள் மேல் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் சிகிச்சை தர வேண்டியிருந்தது. கொட்டியது பிழையென்று சொல்வதைவிட, அரைகுறையாகக் கொட்டியது பிழை என்பதே சரி. அவசரம் என்றால் கொட்டாமலே இறங்கியிருக்கலாம். அவசரம் இல்லையென்றால் கடலுக்கு மேல் போய் உயரத்தில் கொட்டியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், இரண்டின் பலனும் கிடைக்காமல் போகும்.

வட்டமடித்து எரிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நேரம்தான் தேவை, அதுவும் நிறைய. 777-300இஆர் வட்டமடிக்கும்போது மணிக்கு ஏழெட்டு டன் குடிக்கும். 100 டன்னை அப்படித் தீர்ப்பதென்றால் 12 மணி நேரத்துக்கும் மேல், பயணத்தையே முடித்துவிடலாம். பெரிய விமானங்களுக்கு இது கொட்டும் அமைப்பு இல்லாத, அல்லது பழுதான நிலையில் மட்டுமே யோசிக்க வேண்டிய வழி. ஏ320 போன்றவற்றில் கணக்கு மாறுகிறது. புறப்படும் உச்ச எடை 78 டன், தரையிறங்கும் உச்ச எடை 66 டன் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 12 டன்தான். அதுவும் குறுகிய பயணங்களில் முழு எடையோடு கிளம்புவது குறைவு. உண்மையில் தாண்டி நிற்பது பெரும்பாலும் நான்கைந்து டன். மணிக்கு இரண்டரை டன் எரித்தால் இரண்டு மணி நேரத்தில் தீரும்.

அவசரப்படுத்தவும் வழி இருக்கிறது. தாழ்வான உயரத்தில் ஜெட் எஞ்சின் அதிகம் குடிக்கும். கியரை இறக்கி, ஃபிளாப்பை நீட்டி, ஸ்பீட்பிரேக்கை (இறக்கையின் மேல் எழும் தடைப் பலகைகளை) உயர்த்திப் பறந்தால் காற்றுத்தடை கூடி எரிபொருள் செலவு இன்னும் ஏறும். ஆனால் ஓர் எஞ்சின் போய்விட்ட விமானத்தில் இதைச் செய்யக் கூடாது. மிச்சமிருக்கும் ஒரே எஞ்சினை முழு விசையில் மணிக்கணக்கில் வாட்டுவது இருப்பதையும் பணயம் வைப்பது. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால், நேரக் கணக்கில் அருகில் இருக்கும் தகுந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதே விதியும்.

வட்டமடிப்பது உண்மையிலேயே நல்ல தேர்வாகும் இடம், லேண்டிங் கியர் பழுது. 2005 செப்டம்பர் 21 அன்று கலிஃபோர்னியாவின் பர்பேங்க்கிலிருந்து நியூயார்க் கிளம்பிய ஜெட்புளூ ஏ320-இன் முன்சக்கரம் 90 டிகிரி திரும்பி மாட்டிக்கொண்டது. விமானம் பறப்பதில் எந்தக் குறையும் இல்லை. தீ இல்லை, புகை இல்லை, எஞ்சின்கள் நன்றாக ஓடின. இறங்கும்போதுதான் ஆபத்து. அதனால் பல மணி நேரம் சுற்றி எரிபொருளைக் குறைத்து, லாஸ் ஏஞ்சலஸின் நீண்ட ஓடுபாதையில் இறங்கினார்கள். முன்சக்கரம் தீப்பொறி பறக்கத் தேய்ந்துபோனது; 146 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. எடை குறைந்ததால் இறங்கும் வேகம் குறைந்தது, முன்சக்கரத்தைக் கீழே விடுவதற்கு முன்பே விமானம் வேகம் தணிந்திருந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று மாட்ரிட்டிலிருந்து கிளம்பிய ஏர் கனடா 767-உம் டயர் வெடித்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிவிட்டுத்தான் பத்திரமாக இறங்கியது. அந்த இடைவெளியில் ஸ்பெயின் விமானப்படையின் எஃப்-18 ஒன்று பக்கத்தில் வந்து கியரைப் பார்த்துச் சொன்னது. தரையில் தீயணைப்பு வண்டிகள் தயாராகவும் அந்த நேரம் உதவுகிறது.

மூன்றாவது வழியை, கூடுதல் எடையோடு இறங்குவதை, ஏதோ கடைசிக் கதியாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அது சரியில்லை. அதே சமயம் அதன் விலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறங்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 251 டன்னில் 149 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்) என்றால் 351 டன்னில் சுமார் 176 நாட். இயக்க ஆற்றலோ எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறுவது: எடை 1.4 மடங்கு, வேகத்தின் வர்க்கம் 1.4 மடங்கு, பெருக்கினால் ஏறத்தாழ 2. பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம் இரட்டிப்பாகிறது. ஃபிளாப்பும் வேலை செய்யாமல், வேகம் இன்னும் 20 நாட் கூடினால் கணக்கு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஃபிளாப், ஹைட்ராலிக், பிரேக் என நிற்கும் திறனைப் பாதிக்கும் பழுதுகளில் எடையைக் குறைப்பதற்கு முன்னுரிமை தருகிறார்கள். வெறும் எஞ்சின் பழுது என்றால் 4,000 மீட்டர் ஓடுபாதையில் நிற்பது பெரிய சவால் கிடையாது. அங்கே கவலைப்பட வேண்டியது, இறங்க முடியாமல் மீண்டும் மேலேற நேர்ந்தால் ஒற்றை எஞ்சினில் ஏறுமா என்பதே. வெயில் கொளுத்தும் இடத்திலும் உயரமான இடத்து விமான நிலையங்களிலும் இந்தக் கணக்குதான் முதலில் இடிக்கும்.

முறை என்று வந்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே முடியாது. கிடைக்கும் ஓடுபாதைகளில் மிக நீளமானதை, எதிர்காற்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். தானியங்கித் தரையிறக்கம் கூடுதல் எடைக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கையால்தான் இறக்க வேண்டும். மறுபடி மேலேறும் திறனுக்காகச் சில சமயம் முழு ஃபிளாப்பை விட்டு ஒரு படி குறைவாக வைப்பார்கள். எடை அதிகம் என்ற பயத்தில் மெதுவாகத் தொட ஆசைப்பட்டு, ஓடுபாதைக்கு மேல் மிதக்க விடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. 176 நாட் வேகத்தில் ஒவ்வொரு வினாடி மிதப்பும் 90 மீட்டர் ஓடுபாதையைத் தின்றுவிடும். குறித்த இடத்தில் தொட்டு, உடனே எஞ்சின்களின் எதிர்விசையும் பிரேக்கும் கொடுப்பதே பாதுகாப்பு.

நேரம் எப்படி எல்லாவற்றையும் மாற்றுகிறது என்பதற்கு மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற ஸ்விஸ்ஏர் 111, எம்டி-11 ரகம். விமானி அறையில் புகை நாற்றம். ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்பினார்கள். உயரமும் அதிகம், எடையும் உச்ச அளவைவிடச் சுமார் 30 டன் அதிகம். கடல் பக்கம் திரும்பி எரிபொருளைக் கொட்டத் தயாரானார்கள். கூரைக்கு மேல் பரவிய தீ ஒவ்வொரு கருவியாகச் செயலிழக்க வைத்தது. முதலில் நாற்றம் தெரிந்ததிலிருந்து சுமார் 20 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். உடனே இறங்க முயன்றிருந்தாலும் தீ அதற்குள் முந்திக்கொண்டிருக்கும் என்றே விசாரணை முடிவு செய்தது. ஆகவே அந்த விமானிகளைக் குற்றம் சொல்ல இதை எடுக்கக் கூடாது. ஆனால் கட்டுப்படாத தீயோ புகையோ இருந்தால் எடையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, நேரே ஓடுபாதைக்குப் போக வேண்டும் என்பது இன்று பயிற்சியில் அடித்துச் சொல்லப்படுகிறது.

2010 நவம்பர் 4, குவாண்டாஸ் 32, ஏ380. சிங்கப்பூரிலிருந்து ஏறியதும் இரண்டாம் எஞ்சின் வெடித்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. கொட்டும் அமைப்பும் எரிபொருளை டேங்குக்கு டேங்க் மாற்றும் அமைப்பும் வேலை செய்யவில்லை. இடது இறக்கையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. விமானம் பறந்தது, தீ இல்லை. அதனால் ஏறக்குறைய 50 நிமிடம் சுற்றிச் சுற்றி எது வேலை செய்கிறது, எது செய்யாது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். பிறகு சுமார் 50 டன் கூடுதல் எடையோடு, 4,000 மீட்டர் ஓடுபாதையில் இறங்கி, சுமார் 150 மீட்டர் மிச்சம் வைத்து நிறுத்தினார்கள். பிரேக் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ். நான்கு டயர்கள் காற்றிழந்தன. கொட்டும் வசதி இருக்கிறது என்பதற்காக அதை நம்பித் திட்டமிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது: இறக்கை அடிபடும்போது, அந்த இறக்கைக்குள் ஓடும் குழாய்களும் சேர்ந்தே அடிபடும்.

2021 பிப்ரவரி 20, யுனைடெட் 328, 777-200. டென்வரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் வலது எஞ்சினின் விசிறித் தகடு முறிந்து, தீ கனன்றது. கொட்டலாமா என்று யோசித்த குழு, நேரத்தையும் பாதுகாப்பையும் கருதி வேண்டாம் என்றது. தாண்டியிருந்த எடை மற்ற ஆபத்துகளை மிஞ்சும் அளவில் இல்லை என்று கணித்தது. அரை மணி நேரத்துக்குள் தரையில் இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. தயங்காமல் எடுத்த முடிவு என்பதால் இதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

இவற்றைக் கொண்டு பார்த்தால் நடைமுறையில் தேர்வு இப்படி விழுகிறது. தீ, புகை, அழுத்தக் கோளாறோடு கூடிய உடற்சேதம், எந்த நிமிடமும் மோசமாகக்கூடிய எதுவாயினும்: அப்படியே இறக்குங்கள். பயணி ஒருவரின் உயிர் ஊசலாடும் மருத்துவ அவசரமும் இதே வகை. ஆனால் மாற்று விமான நிலையம் அரை மணி தூரத்தில் இருந்தால், போகும் வழியிலேயே உயரத்தில் கொட்டிக்கொண்டு போகலாம், ஒரு நிமிடமும் வீணாகாது. இந்தக் கலப்பு வழியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது வருத்தம். எஞ்சின் ஒன்று அமைதியாக நின்று மற்றவை நன்றாக இருந்தால், பெரிய விமானத்தில் கொட்டிவிட்டு இறங்குவது நல்லது. நிற்கும் திறனில் குறை, கியரில் குறை, ஆனால் பறப்பதில் குறையில்லை என்றால் எடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். கொட்டும் வசதி இருந்தால் கொட்டியும், இல்லையென்றால் சுற்றியும். முழுவதும் உச்ச எடைக்குக் கீழே கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இல்லை. 100 டன்னில் 60 டன் கொட்டியதும் நிலைமை மோசமானால், நிறுத்திவிட்டு இறங்கலாம்.

பரிசோதனைச் செலவுக்குப் பயந்து யாரும் கொட்டுவதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கூடுதல் எடையில் இறங்கினால் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பொறியாளர்கள் முதல் கட்டமாகக் கியர், இறக்கை உடலோடு சேரும் இடம், ஃபிளாப் தண்டவாளங்கள், எஞ்சினைத் தாங்கும் பைலான்கள், தகட்டில் சுருக்கம், தளர்ந்த ரிவெட், எரிபொருள் கசிவு என்று பார்ப்பார்கள். அதில் எதுவும் தென்படாவிட்டால் அத்தோடு முடிந்தது. தென்பட்டால் மட்டுமே அடுத்த கட்டம் ஆழமாகப் போகும்.

இறங்கி நின்ற பிறகும் ஒரு பத்து, பதினைந்து நிமிடம் கவனம் தேவை. பிரேக் வெப்பம் நின்ற உடனே உச்சத்தில் இருப்பதில்லை. பிரேக் வட்டுகளிலிருந்து சக்கரத்துக்குப் பரவ நேரம் எடுத்து அதன் பிறகே உச்சத்தைத் தொடும். சக்கரங்களில் உள்ள உருகு அடைப்பான்கள் அந்த வெப்பத்தில் உருகி, டயர் வெடிக்குமுன் காற்றை மெல்ல வெளியேற்றிவிடும். பார்க்கிங் பிரேக் போட்டால் வட்டுகள் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துவார்கள். தீயணைப்பு வீரர்கள் சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டுமே நெருங்குவார்கள். பக்கவாட்டில், அச்சின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். சக்கரம் சிதறினால் துண்டுகள் பாய்வது அந்தத் திசையில்தான்.